வீடு தந்ததும் வீடு எடுத்துக்கொண்டதும்: அம்பாங் பெச்சா வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். பள்ளிவாசலைப் பற்றியும் கடைத்தெருவைப் பற்றியும் சங்கத்தின் முன்னோடிகளைப் பற்றியும் எழுத நம்மிடையே மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் பிள்ளைகளின் படிப்பை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அந்த ஒரு கட்டத்தை மட்டும்.

ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பெஞ்சில் படித்த இருவரில் ஒருவர் இடைநிலைப்பள்ளியில் நிலைத்து நின்றார். மற்றவர் படிவம் 2இல் பையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில் ‘அவனுக்கு மண்டையில் ஏறவில்லை’ என்பதுதான். இந்த வட்டாரத்தின் நூறாண்டுக் கதையைப் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்று தெரிகிறது. இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்ததில் பெரும்பங்கு வீட்டுக்கு இருந்தது. வீட்டில் என்ன மொழி பேசினார்கள், பிள்ளைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியது, பள்ளிக்கூடத்து நடைமுறை தெரிந்தவர் யாராவது இருந்தார்களா என்ற மூன்றும் காசைப் போலவே கணக்கில் வந்தன.

ஊரும் வீடுகளும்

அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. 1883ஆம் ஆண்டு பழைய கோல குபு ஊருக்கு மேலே இருந்த அணை உடைந்து வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போனது. அப்போது இங்கே ஆங்கில அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அதற்குப் பின் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றை மேடாக்கியது, வெள்ளம் ஓயவில்லை. 1920களின் பெருவெள்ளங்களுக்குப் பிறகு, நகரத் திட்டமிடுநர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டுநிலத்தில் கோல குபு பாரு எழுந்தது. பழைய ஊர் இருந்த இடம் அம்பாங் பெச்சா என்ற பெயரோடு மிஞ்சியது.

சுரங்கத்துக்குப் பின் ரப்பர் வந்தது. களும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங்காலி பக்கமும், மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை தாண்டிக் கோலசிலாங்கூர் வரையும் தோட்டங்கள் பரவின. தோட்டம் வந்த இடத்துக்குத் தமிழர் வந்தனர்; தமிழர் வந்த இடத்துக்கு நம்மவர் வந்தனர். அரிசி, மளிகை, ஆட்டிறைச்சி, துணி, தேநீர் என்று கடை போட்டனர். கடை போட முதல் இல்லாதவர்கள் சைக்கிளில் மூட்டை கட்டிச் சம்பள நாளன்று தோட்டம் தோட்டமாகப் போனார்கள்.

பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தில் மூன்று வகைத் தமிழ் வீடுகள் இருந்தன என்று சொல்லலாம். முதலாவது, பால்மரம் வெட்டுவோரின் லயன் வீடு. இரண்டாவது, தோட்ட அலுவலகத்துக் கிராணியாரின் வீடு. மூன்றாவது, நம்முடைய கடை வீடு.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று விதித்தது. அப்படித்தான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. லயன் வீட்டுப் பிள்ளையின் தாய் தகப்பன் இருவரும் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்தால் மங்கு துடைக்கவும் கோட்டுப்பால் பொறுக்கவும் போகும். நான்காம் வகுப்போடு படிப்பு முடிவதை யாரும் குறையாக நினைக்கவில்லை. அடுத்து ஒரு பள்ளி இருக்கிறது என்ற எண்ணமே அந்த வீட்டில் இல்லை.

கிராணியார் வீட்டில் நிலைமை வேறு. அவருடைய வேலையே ஆங்கிலத்தில். துரைக்குக் கடிதம் எழுதுகிற கை, பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டிக் கொடுத்தது. நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம் கட்டவும் அங்கே தங்கவைக்க உறவினரைத் தேடவும் அவருக்குத் தெரிந்தது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளும் அப்படியே. ஒரே தோட்டத்தில் இரண்டு கூப்பிடு தூரத்தில் இருந்த இரு வீடுகளில் ஒன்றிலிருந்து ஆசிரியரும் மருத்துவரும் வந்தார்கள். மற்றதிலிருந்து அடுத்த தலைமுறைப் பால்மரத் தொழிலாளி வந்தார். இருவருடைய மூளையில் வேற்றுமை இருந்தது என்று யார் சொல்ல முடியும்?

கடை வீடு தந்தது

நம் கடை வீடு இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது. அங்கே ஆங்கிலம் இல்லை. ஆனால் எழுத்து இருந்தது. பற்றுப் புத்தகம் எழுத வேண்டும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், பெரிய கடைக்குச் சிட்டை எழுத வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எட்டு வயதிலேயே மனக்கணக்கு வந்துவிடும். காத்தி, தாயில், கந்தாங் என்ற அளவைகளை அவன் வாய்ப்பாடாக மனனம் செய்யவில்லை. நிறுத்தும் அளந்தும் கற்றான்.

இரண்டாவதாக, கடை வீட்டில் பல மொழி காதில் விழுந்தது. மலாய்க்காரரும் சீனரும் வாடிக்கையாளர்கள். தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்குக் கிடைக்காத மலாய்ப் பேச்சு நம் பிள்ளைக்குச் சும்மா கிடைத்தது.

மூன்றாவது ஒன்றை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நம் பிள்ளைகள் ஐந்தாறு வயதிலேயே குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். அரபு எழுத்து கைக்கு வந்தது. அந்நாளில் மலாய்ப் பள்ளியிலும் மலாய்ப் பத்திரிகையிலும் ஜாவி எழுத்தே பரவலாக இருந்தது. ஜாவி என்பது அரபு எழுத்தோடு சில எழுத்துகளைச் சேர்த்து மலாய்க்கு ஆக்கிக்கொண்ட முறை. ஓதத் தெரிந்த பிள்ளை ஜாவியைக் கூட்டி வாசிக்க அதிக நாள் ஆகவில்லை. 1963ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் ரூமி எழுத்தை அதிகாரபூர்வ எழுத்தாக்கியது. ஜாவிக்குத் தடை போடவில்லை. இன்றும் சமயப் பாடத்தில் நம் பிள்ளைகள் ஜாவிக்குப் பயப்படாமல் இருப்பதற்குக் காரணம் வீட்டில் தொடங்கிய ஓதல்தான்.

கடை வீடு எடுத்துக்கொண்டது

தந்ததைப் போலவே கடை எடுத்துக்கொண்டதும் உண்டு. முதலில் எடுத்தது நேரத்தை. பள்ளி விட்டு வந்தால் கடை; மாலையில் ஓதல்; இரவில் மீண்டும் கடை. சம்பள நாளன்று பள்ளிக்கூடமே கிடையாது. தமிழ்ப்பள்ளியில் இதைச் சமாளிக்க முடிந்தது. ஆறேழு பாடம், ஆறேழு ஆசிரியர், தினமும் வீட்டுப்பாடம் என்று வரும் இடைநிலைப்பள்ளியில் முடியவில்லை.

அடுத்து, கடையின் மலாயே ஒரு பொறியாக இருந்தது. பசார் மலாய் பேசத் தெரிந்த பிள்ளையின் பெற்றோர், ‘அவனுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு’ என்று நிம்மதியாக இருந்தார்கள். பள்ளிக்கூடத்து மலாய் வேறு. கடையில் ‘பாகி’ என்று ஒரு சொல்லில் முடிந்துபோவது, கட்டுரையில் முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து ‘மெம்பெரிகான்’ ஆக வேண்டும். அந்த ஒட்டுகளின் இலக்கணம் தெரியாத பிள்ளை, சரளமாகப் பேசிக்கொண்டே தாளில் தோற்றது. பேச்சு வந்தால் எழுத்தும் வரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பல பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறது.

மூன்றாவது, கல்லாப்பெட்டி காத்திருந்தது. லயன் வீட்டுத் தகப்பன், படிப்புத்தான் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் ஒரே வழி என்று உணர்ந்தபோது, வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்தார். நமக்கோ, படிப்பு வராவிட்டால் கடை இருக்கிறது. அந்தத் துணிவு பல குடும்பங்களைக் காப்பாற்றியது உண்மை. பல பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தியதும் உண்மை. பிள்ளை தடுமாறிய முதல் தவணையிலேயே ‘சரி, கடையைப் பார்’ என்று சொல்ல நமக்கு எளிதாக இருந்தது.

வாசல் மாறிக்கொண்டே இருந்தது

வீட்டுச் சூழல் இவ்வளவு பெரிதாகக் கணக்கில் வந்ததற்கு ஒரு காரணம், இடைநிலைப்பள்ளியின் வாசலில் விதி மாறிக்கொண்டே இருந்தது. விதி மாறும்போதெல்லாம், அதை முன்கூட்டியே அறிந்த வீடு தப்பியது. அறியாத வீடு அடிபட்டது.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 520க்குச் சற்று மேல். தொடக்கப்பள்ளி தமிழில் இருந்தாலும் இடைநிலைப்பள்ளி தமிழில் அமையவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மொழி மாறித்தான் மேலே போக வேண்டும். 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின், 1962 முதல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நின்றது. ஆனாலும் இடைநிலைப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இருந்தது; அதில் தேறாத பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதோடு முறையான படிப்பு முடிந்தது.

1965இல் அந்தத் தேர்வுத் தடை நீங்கியது. ஆறாம் வகுப்பு முடித்த எல்லாரும் இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம் என்றானது. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து போவோர் மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். இந்த ஓராண்டு நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்டது. ஆனால் ஓராண்டு என்பது லயன் வீட்டில் ஓராண்டுப் பேருந்துக் காசு, ஓராண்டு உணவுச் செலவு. கூடப் படித்த மலாய்ப் பிள்ளை படிவம் 1இல் இருக்க, தான் பின்னால் நிற்கும் வெட்கம் வேறு. பலர் அந்த வகுப்போடு நின்றார்கள். அதை ‘மொழி மருத்துவமனை’யாக எண்ணி உறுதியோடு கடந்தவர்கள், பெரும்பாலும் வீட்டில் யாராவது ஒருவர் முன்னால் அந்த வழியில் போயிருந்தவர்கள்.

1970இல் அடுத்த மாற்றம் தொடங்கியது. ஆங்கிலப் பள்ளிகள் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976இல் படிவம் 1 மாறியது. நம் சங்கம் தோன்றி வளர்ந்த ஆண்டுகள் இவைதான். அப்போது வீடுகளில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அண்ணன் ஆங்கிலத்தில் அறிவியல் படித்தவர். தம்பிக்கு அதே பாடம் மலாயில். அண்ணனுடைய புத்தகம் தம்பிக்கு உதவவில்லை, அண்ணனுடைய விளக்கமும் உதவவில்லை. குடும்பத்தில் முதல் முறையாகச் சேர்ந்த கல்விச் செல்வம் ஒரே தலைமுறைக்குள் செல்லாக் காசானது. ஏழைப் பிள்ளைகளுக்கு 1975 முதல் பாடநூல் இரவல் திட்டம் வந்து புத்தகச் சுமையைக் குறைத்தது. விளக்கிச் சொல்ல ஆளைத் தரவில்லை.

இதே போன்ற ஒன்று மறுபடியும் நடந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012 முதல் படிப்படியாகத் திரும்ப மாற்றப்பட்டன. 2003இல் படிவம் 1இல் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆறாண்டு தமிழில் பின்னமும் பரப்பளவும் படித்துவிட்டு, ஒரே விடுமுறையில் அவற்றை ஆங்கிலத்தில் சந்தித்தோம். என் அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கடைக்குத் தேநீர் குடிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தெரியும். அவர் இருபது தாளில் கணிதச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார். என்னோடு படித்த தோட்டத்து நண்பனுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். அந்தத் தாள்களை அவனும் நானும் பங்கிட்டுப் படித்தோம், இருவரும் தேறினோம். கடை வீட்டின் உண்மையான சொத்து கல்லாவில் இல்லை, கடைக்கு வந்துபோகும் மனிதர்களிடம் இருக்கிறது என்று பின்னால்தான் விளங்கியது.

கடலுக்கு இரு கரையிலும் குடும்பம்

நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய இன்னொரு சூழலும் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தோடு வந்தார்கள். நம்மவரில் பலர் தனியாக வந்தார்கள்; மனைவி மக்கள் ஊரில். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் போய் வருவார்கள். பிள்ளை ஊரில் படிக்கும். பத்துப் பன்னிரண்டு வயதானதும் கடைக்குத் துணையாக இங்கே அழைத்து வருவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும். மலாயும் ஆங்கிலமும் சுத்தமாக வராது. வயதோ இடைநிலைப்பள்ளி வயது. அவனைச் சேர்க்க வகுப்பே இல்லை. அவன் நேராகக் கடையின் பின்கட்டுக்குப் போனான்.

1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தப் போக்குவரத்தை இறுக்கியது. குடும்பத்தை இங்கே கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1957இல் விடுதலைக்குப் பின் குடியுரிமை கேட்டு வாங்கியவர்கள் உண்டு. ‘ஊருக்குத்தானே போகப்போகிறோம்’ என்று விட்டவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றானதும், காகிதத்தின் அருமை தெரிந்தது. நீல அடையாள அட்டை வைத்திருந்த தகப்பனின் பிள்ளை உதவிச் சம்பளத்துக்கும் விடுதிக்கும் மனுப் போட முடிந்தது. சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளை படிவம் நிரப்பும் இடத்திலேயே தயங்கி நின்றது. பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக எடுத்து வைப்பதும் படிப்புக்கான ஆயத்தம்தான் என்பதை நம் பெரியவர்கள் பட்டு அறிந்தார்கள்.

பெண் பிள்ளைகள்

வீட்டின் முடிவு மிகக் கடுமையாக விழுந்தது பெண் பிள்ளைகள் மீது. 1965இல் அரசு வாசலைத் திறந்துவிட்டபோதும் நம் வீடுகளில் பல வாசல்கள் மூடியே இருந்தன. ஆறாம் வகுப்பு முடிவதும் பெண் பெரியவளாவதும் ஏறக்குறைய ஒரே காலம். பள்ளி தொலைவு, பேருந்துப் பயணம், ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. சமயம் அதற்கு இடம் தரவில்லை என்று சிலர் சொன்னார்கள். கல்வி தேடுவது ஆண் பெண் இருபாலருக்கும் கடமை என்பதே நம் மார்க்கம் கற்பிப்பது. அண்டை வீட்டு மலாய் முஸ்லிம் பெண்கள் சீருடையோடு பள்ளிக்குப் போவதைப் பார்த்த பிறகு அந்தக் காரணம் மெல்ல மெல்ல வலுவிழந்தது. முஸ்லிம் மாணவர் 15 பேருக்குக் குறையாத பள்ளியில் சமயப் பாடம் நடக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்ததும் பெற்றோருக்கு மனத்துணிவு தந்தது.

அன்று நிறுத்தப்பட்ட பெண்கள் பின்னாளில் தாய்மார் ஆனபோது, மகள்களுக்குப் படிப்புச் சொல்லித்தர முடியாத வருத்தத்தோடு இருந்தார்கள். ஆனால் மகளை நிறுத்தவிடாமல் வாதாடியவர்களும் பெரும்பாலும் அவர்களே. நம் குடும்பங்களில் இன்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் கணக்காளராகவும் இருக்கும் பெண்களுக்குப் பின்னால் ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு தாய் இருப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

அறிஞர்கள் கண்டது

வீட்டுச் சூழலின் பங்கை உலகம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் லட்சக்கணக்கான மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பள்ளிக் கட்டடமும் வசதியும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதைவிட, மாணவரின் குடும்பப் பின்னணியும் உடன் படிப்போரின் பின்னணியுமே தேர்ச்சியோடு அதிகத் தொடர்புடையவை என்று அது கண்டது. நம் நாட்டில் 1973இல் முராட் முகமட் நோர் தலைமையிலான குழு, மாணவர் இடையில் நின்றுபோவதை ஆராய்ந்து, வறுமையும் வீட்டுச் சூழலும் கிராமப்புறப் பள்ளிகளின் குறைகளும் சேர்ந்து பிள்ளையை வெளியே தள்ளுகின்றன என்று எடுத்துக்காட்டியது. மலாயாப் பல்கலைக்கழகக் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த தி. மாரிமுத்து, தோட்டப் பள்ளியைப் பற்றி எழுதும்போது, தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாகவே ஆக்கும் கருவியாக அது இயங்கியதைக் காட்டினார்.

இவற்றைப் படிக்கும்போது மனம் சோர்ந்துவிடக் கூடாது. பின்னணி என்பது விதி அன்று. வருமானத்தை ஒரே நாளில் உயர்த்த முடியாது. ஆனால் மாலையில் இரண்டு மணி நேரம், அமைதியான ஒரு மேசை, வழி தெரிந்த ஒருவர் ஆகியவற்றை ஒரு வீட்டால் தர முடியாவிட்டாலும் பல வீடுகள் சேர்ந்து தர முடியும். சங்கங்கள் அதற்காகவே இருக்கின்றன.

பல வீடுகள் சேர்ந்து செய்தது

இதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் அதை உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்த்தார்கள். பெரும் பணக்காரர் சமூகம் அன்று, உழைத்துப் பிழைத்தவர்கள். தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. இருந்தும் அந்தப் பெயரில் தமிழ் மொழி மையம் தொடர்ந்தது.

நம் நாட்டில் 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வசதி குறைந்த நகர்ப்புறப் பிள்ளைகளுக்கும் வார இறுதி வகுப்புகளை நடத்தி, பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசியது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கியது. பின்னாளில் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் தந்தது. சமயம் வேறானாலும் இவர்கள் நம் அண்டை வீட்டார். பிள்ளைகளின் படிப்பில் நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

இன்றைய நிலை

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகளில் இருந்தோர் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேசியப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மலாய் தடையில்லை. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். அப்படியானால் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை, உருமாறியிருக்கிறது.

1988 முதல் இருந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. படிவம் 3இன் பிடி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் பள்ளிக்கூடத்து மொழி தெரியாத பெற்றோருக்கு அந்த ஏ, பி, சி எழுத்துகளே எச்சரிக்கை மணியாக இருந்தன. இப்போது பள்ளி தரும் மதிப்பீட்டு அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த வீடு விழித்துக்கொள்கிறது. மற்ற வீட்டுக்குப் பதினேழு வயதில் எஸ்பிஎம் முடிவு வரும்போதுதான் செய்தி தெரிகிறது. 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயோடு வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். படிவம் 1இல் வாசிக்கும் பழக்கம் வராத பிள்ளை படிவம் 5இல் அதை ஈடுகட்டுவது கடினம்.

நேரச் சிக்கலும் மாறவில்லை. அன்று மளிகைக் கடை இரவு ஒன்பது வரை. இன்று உணவகம் விடிய விடிய. தகப்பன் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்குகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகும்போது தகப்பன் தூங்குகிறார். அந்த இடைவெளியைக் கைப்பேசி நிரப்புகிறது. கடையில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றைக் கவனிக்கிறேன். பள்ளி திறக்கும் காலத்தில் பைக்கும் காலணிக்கும் தாராளமாகச் செலவு செய்கிறோம். எந்தப் பள்ளி, எந்தப் பாடம், படிவம் 4இல் எந்தப் பிரிவு என்று கேட்டால், பிள்ளைக்கே தெரியும் என்கிறோம். பிள்ளைக்குத் தெரியாது.

ஆகவே பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் முன் சில எளிய கோரிக்கைகளை வைக்கிறேன். ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் படிக்கும் நம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் சங்கத்தில் இருக்க வேண்டும். படிவம் 1க்கு முந்தைய விடுமுறையில், தமிழ்ப்பள்ளியிலிருந்து போவோருக்குக் கணித, அறிவியல் சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் பழக்க நான்கு வாரம் போதும். அதை நடத்த நம் குடும்பங்களிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சங்கக் கட்டடத்தில் மஃரிபுக்குப் பின் இரண்டு மணி நேரம் விளக்கெரியட்டும். கடை வேலையில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அங்கே அமர்ந்து படிக்கட்டும். மதிப்பீட்டு அட்டையை எடுத்து வந்தால் விளக்கிச் சொல்ல ஒருவர் மாதம் ஒரு நாள் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உதவிநிதி மனு ஆகியவற்றில் சிக்கல் உள்ள குடும்பங்களை நாமே தேடிப் போவோம்.

இவற்றோடு, பல்கலைக்கழகம் ஒன்றே வழி என்ற எண்ணத்தையும் நாம் தளர்த்த வேண்டும். 1969இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கியதிலிருந்து கைத்தொழில் கல்விக்கு நாட்டில் ஒரு சீரான பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் டிப்ளோமா பெற்று, பிறகு வணிகத்துக்கு வந்தவன் நான். படித்தவன் கடைக்கு வந்தால் கடைக்கு நட்டமில்லை. கடை இருக்கிறது என்பதற்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளைக்கோ, கடை நொடித்தபோது வேறு வழி இருக்கவில்லை. இந்த வட்டாரத்தில் பெரிய அங்காடிகள் வந்த பிறகு மூடிய கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

நம் முன்னோர் வெறுங்கையோடு வந்து கடையையும் பள்ளிவாசலையும் இந்தச் சங்கத்தையும் நமக்குத் தந்து போனார்கள். அடுத்த ஆண்டு படிவம் 1இல் சேரப்போகும் பிள்ளைகள் யார் யார் என்று இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்த்து, அவர்களின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் அதுவே நல்ல தொடக்கம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.